எல்லா விடுதியிலும் ஒரே விதி: தாய்லாந்து ஆணுறைத் திட்டம்

(திரையில்: தாய்லாந்து வரைபடம். பாங்காக்குக்கு மேற்கே ராட்சபுரி மாகாணம்.)

வணக்கம். 1989ஆம் ஆண்டு, தாய்லாந்தில் எச்ஐவி வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆணுறை போட்டால் தப்பிக்கலாம் என்பது பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்கும் தெரியும். ஆனால் வற்புறுத்தினால் வாடிக்கையாளர் எழுந்து அடுத்த பாலியல் தொழில் விடுதிக்குப் போய்விடுவார். அன்றைய வருமானம் போச்சு, முதலாளியின் திட்டு வேறு.

ராட்சபுரியில் மருத்துவர் விவாட் ரோஜனபித்தயகோர்ன் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். ஒரு விடுதி மட்டும் கறாராக இருந்தால் அதற்குத்தான் நஷ்டம். மாகாணத்தின் எல்லா விடுதிகளும் சேர்ந்து ஆணுறை இல்லாமல் முடியாது என்றால்? வந்தவர் வேறு எங்கே போவார்?

(திரையில்: அரசு பால்வினை நோய் சிகிச்சை நிலையம்.)

சரி, மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை யார் பார்ப்பது? யாரும் பார்க்க வேண்டியதில்லை. சிறுநீர் போகும்போது எரிகிறது, சீழ் வருகிறது என்று சிகிச்சைக்கு வரும் ஆணிடம், “எந்த விடுதிக்குப் போனீர்கள்?” என்று கேட்டார்கள். ஒரே விடுதியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே விதி காற்றில் பறக்கிறது என்று பொருள். முதலில் எச்சரிக்கை, கேட்காவிட்டால் விடுதிக்குப் பூட்டு. எச்ஐவி வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். கொனோரியா என்ற பால்வினை நோயோ ஆண்களிடம் பெரும்பாலும் சில நாட்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அந்த நோயையே உளவாளி ஆக்கியதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இன்னொரு வேடிக்கை, பாலியல் தொழில் அங்கே சட்டவிரோதம். சட்டப்படி இருக்கவே கூடாத தொழிலுக்கு அரசே விதி வகுத்தது!

1991இல் திட்டம் நாடு முழுக்க வந்தது. அரசு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி ஆணுறைகளை இலவசமாகக் கொடுத்தது. அரசு நிலையங்களில் பதிவான பால்வினை நோய்கள் 1987இல் 4 லட்சத்துக்கு மேல். 1994இல் 30 ஆயிரத்துக்கும் கீழ். முழுப் பெருமையும் இந்த விதிக்கே போகாது. எய்ட்ஸ் பயத்தில் விடுதிப் பக்கமே போகாமல் நின்றவர்களும் நிறைய.

குறையும் உண்டு. விதி போட்டவர்கள் அதிகாரிகள். அந்தப் பெண்களுக்கு அதில் குரல் இல்லை. விடுதிக்கு வெளியே, தெருவில் தொழில் செய்தவர்களைத் திட்டம் சரியாக எட்டவும் இல்லை.

(திரையில்: கொல்கத்தா, சோனாகாச்சி.)

1992இல் கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா எதிர்த்திசையில் தொடங்கினார். அங்கே பாலியல் தொழிலாளர்களே வீடு வீடாகப் போய்ச் சக பெண்களிடம் ஆணுறை பற்றிப் பேசினார்கள். 1995இல் தங்களுக்கென்று ஓர் அமைப்பும் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கதை அடுத்த வீடியோவில்.