வணிகச் சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

வணக்கம். கொழும்பில் சிறு வியாபாரம் செய்பவர்களுக்காக நான் பதிவிடும் இந்தக் காணொளிகளில், இன்று ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் தையல் பொருட்கள் விற்கும் சகோதரி ஒருவர், "அக்கா, சிறு வணிக முகாமைத்துவச் சான்றிதழ் வகுப்பு ஒன்றுக்கு ஆறு மாதத்துக்குத் தொண்ணூறாயிரம் கேட்கிறார்கள், கட்டட்டுமா?" என்று கேட்டிருந்தார். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், இதே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் என்னிடம் அடிக்கடி வருகிறது. உடனே "கட்டுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்வது பொறுப்பான பதிலாகாது. ஆகவே அவருடைய கடையை ஒத்த ஒரு கடையை எடுத்து, என் ஊகத்தில் எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீங்கள் உங்கள் சொந்த எண்களை அந்த இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் 90,000 ரூபாய். பெரும்பாலானோர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வகுப்பு சனிக்கிழமைகளில் நடக்கிறது, காலி வீதியில் கடை வைத்திருப்பவருக்குச் சனிக்கிழமைதான் கூட்டம் வரும் நாள். அன்றைய விற்பனை 20,000 ரூபாய், அதில் மொத்த இலாபம், அதாவது விற்ற விலையில் கொள்விலை போக மிஞ்சுவது, நூற்றுக்கு 25 என்றால், கடை பூட்டியிருக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் 5,000 ரூபாய் இலாபம் கைக்கு வராமல் போகிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மறுநாள் திரும்பி வருவார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 24 சனிக்கிழமைகளுக்கு இழப்பு 60,000 ரூபாய். உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்கள் அமையச் செலவு என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். ஒன்றைச் செய்யப் போய் இன்னொன்றில் கைவிடும் வருமானம் அது, இங்கே இந்த 60,000 ரூபாய்தான். போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றால் இன்னும் 12,000 சேரும். ஆக, அந்தச் சகோதரி உண்மையில் செலவிடப்போவது 162,000 ரூபாய்.

இந்தத் தொகை எப்படித் திரும்ப வேண்டும் என்பதை இரண்டு வழிகளில் பார்க்கலாம். விற்பனையைக் கூட்டித்தான் எடுப்பேன் என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மாதமும் 6,750 ரூபாய் மேலதிக இலாபம் வேண்டும். நூற்றுக்கு 25 இலாபத்தில் அதற்கு இப்போது விற்பதற்கு மேல் மாதம் இன்னும் 27,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். இலாபத்தை விட்டுவிட்டு விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து, "மாதம் ஏழாயிரம் கூட விற்றால் போதுமே" என்று பலர் தவறாகக் கணிக்கிறார்கள். இரண்டாவது வழி, விற்பனை அப்படியே இருக்க, விலையிடுவதைத் திருத்துவது. மாத விற்பனை 400,000 ரூபாயாக உள்ள கடையில், எந்தப் பொருளில் நட்டம் போகிறது என்பதைக் கண்டுபிடித்து, இலாபத்தை நூற்றுக்கு 25இலிருந்து 27ஆக உயர்த்த முடிந்தால், மாதம் 8,000 ரூபாய் மிஞ்சும். ஏறத்தாழ 20 மாதங்களில் முழுச் செலவும் திரும்பிவிடும். என் அனுபவத்தில் இரண்டாவது வழியே கைகூடக் கூடியது. ஏனெனில் பல கடைகளில் நூல், பொத்தான், லேஸ் போன்ற சில்லறைப் பொருட்களின் விலை, கொள்விலையையும் ஏற்றுக்கூலியையும் வாடகையில் அவற்றுக்குரிய பங்கையும் கூட்டிப் பார்த்து வைத்ததாக இருப்பதில்லை, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலையாகவே இருக்கிறது.

ஆனால் அதே 90,000 ரூபாய்க்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. அந்தப் பணத்தில் புறக்கோட்டைக் கெய்சர் வீதியின் மொத்தக் கடைகளில் சரக்கு எடுத்து, அதே இலாப வீதத்தில் விற்றால் 120,000 ரூபாய் வரும், இலாபம் 30,000. சரக்கு ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்தால், அடுத்த மாதமும் இந்தச் சுழற்சி நடக்கும். பண்டிகைக் காலத்துக்கு முன் அலுமாரி காலியாக இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது சரக்கு. ஏற்கெனவே விற்காத சரக்கு குவிந்து கிடப்பவருக்கோ மேலும் சரக்கு வாங்குவது நட்டத்தைக் கூட்டும், அவருக்குத்தான் படிப்பு பயன்படும். இந்த வேறுபாட்டை எந்த விளம்பரமும் உங்களுக்குச் சொல்லாது. தொழிற்படு மூலதனத்திலிருந்து, அதாவது கடையை அன்றாடம் ஓட்டும் பணத்திலிருந்து எடுத்தோ, சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்தோ, நகையை அடகு வைத்தோ கட்டணம் கட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

பயிற்சி உண்மையில் இலாபத்தைக் கூட்டுகிறதா என்பது நம் ஊரிலேயே முறையாகச் சோதிக்கப்பட்ட விடயம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய மூவரும் 2009இல் தொடங்கி கொழும்பு, கண்டிப் பகுதிகளிலுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வை நடத்தி, அதை 2014இல் வெளியிட்டார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் வணிகப் பயிற்சியே அதில் வழங்கப்பட்டது. பங்கேற்பவர்களைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகப் பிரித்து, சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குப் பயிற்சியுடன் 15,000 ரூபாய் மானியம், சிலருக்கு எதுவுமில்லை என்று ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களிடம் பயிற்சி மட்டும் கணக்கெழுதும் பழக்கம் போன்றவற்றைச் சற்று மாற்றியதே தவிர, இலாபத்தை உயர்த்தவில்லை. மானியமும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு முதல் சில மாதங்களில் இலாபம் நன்றாக உயர்ந்தது, ஆனால் இரண்டாவது ஆண்டில் அந்த உயர்வு மறைந்துவிட்டது. புதிதாகத் தொடங்க நினைத்த பெண்களைப் பொறுத்தவரை, பயிற்சி அவர்களை விரைவாகத் தொடங்க வைத்தது, தொடங்கியவர்களின் இலாபமும் மேம்பட்டது. இந்த முடிவை வைத்து எல்லா வகுப்புகளும் வீண் என்று நான் சொல்லவில்லை. அது சில நாட்களே நடக்கும் பயிற்சி, பங்குபற்றியவர்களின் தொழில்களும் மிகச் சிறியவை. எனினும், இன்னும் தொடங்காதவருக்கும் பல ஆண்டுகளாகக் கடை நடத்துபவருக்கும் ஒரே பாடம் ஒரே பயனைத் தராது என்பதை நான் இதிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்கிறேன்.

சான்றிதழ் என்ற தாளுக்கே தனியான பெறுமதி உண்டா? வங்கிக் கடனுக்குப் போகும்போது வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்குக் கூற்றும் கொடுக்கல் வாங்கல் வரலாறும் பேசும் அளவுக்கு இந்தத் தாள் பேசாது. வேலை தேடுபவருக்கோ வெளிநாடு செல்ல எண்ணுபவருக்கோ நிலைமை வேறு. அவர்கள் பார்க்க வேண்டியது என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமை. அதில் 1 முதல் 4 வரையான மட்டங்கள் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகரானது. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறி அங்கீகாரம் பெற்றதா என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு "ஆம்" என்று பதில் வந்தவுடன் இரண்டாவதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். தையலிலோ கேக் செய்வதிலோ ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தகைமை பெற வழி இருக்கிறது. அவர்கள் தெரிந்ததையே மீண்டும் படிக்கப் பணம் கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகங்களில் சிறு தொழில்முயற்சி அபிவிருத்திக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அவர்களிடம் போய் என்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரிப்பதற்கு ஒரு காலை நேரம் போதும்.

மொழி விடயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பில் நடக்கும் பல வகுப்புகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடக்கின்றன. அந்த மொழியை நன்றாகப் பேசத் தெரிந்தவர்கூட, காசுப்பாய்ச்சல் கூற்றையும் (காசு வருவதையும் போவதையும் காட்டும் கணக்கு) சமப்பாட்டுப் புள்ளியையும் (இலாபமும் நட்டமும் இல்லாத விற்பனை அளவு) கணக்குப் பார்த்துப் பழகாத மொழியில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடைக்கு வந்ததும் பழைய கொப்பியையே திறப்பதை நான் கண்டிருக்கிறேன். தமிழ் மொழிமூலம் என்று சொன்னால், விரிவுரை தமிழிலா, குறிப்புகள் மட்டுமா, பரீட்சை எந்த மொழியில் என்று மூன்றையும் கேளுங்கள். ஒரு பாடத்துக்கு இருந்து பார்க்க அனுமதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். இடையில் விலகினால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பாடத்திட்டத்தில் நான் தேடுவது சில விடயங்களைத்தான். உங்கள் கடையின் உண்மையான பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றை வைத்தே விலையிடலைப் பயிற்றுவிக்கிறார்களா? ஓர் உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உரிமையாளர் நூற்றுக்கு 12உம் ஊழியர் 8உம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உரிமையாளர் இன்னும் 3உம் கட்ட வேண்டும் என்பதைச் சம்பளக் கணக்கில் சேர்த்துப் போடப் பழக்குகிறார்களா? கடன் கொப்பியில் நிற்கும் பணத்தை எப்படி வசூலிப்பது என்று பேசுகிறார்களா? வகுப்பு முடிந்தபின் யாராவது கடைக்கு வந்து கணக்கைப் பார்ப்பார்களா? இவற்றுக்கு "ஆம்" என்று பதில் வந்து, வகுப்பும் சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் நடந்து, கட்டணமும் சரக்குக் காசிலிருந்து எடுக்காததாக இருந்தால், வெள்ளவத்தைச் சகோதரியிடம் நான் தயங்காமல் கட்டச் சொல்வேன். அப்படியில்லாவிட்டால், இந்தப் பண்டிகைக் கால வியாபாரம் முடிந்து கையிருப்பை எண்ணிப் பார்க்கும் வரை, அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.