வலப்பக்கக் கட்டம்

மதுரை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

காலை ஏழரை மணிக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போனால், உசிலம்பட்டி, தேனி வண்டிகளில் சில பிள்ளைகளைப் பார்க்கலாம். எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டியிருப்பார்கள். தோளில் பை. கையில் சுருட்டிய சார்ட் அட்டை. கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாதே என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பி.எட். படிக்கிறவர்கள். பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த வழியில் இருக்கும் அரசுப் பள்ளி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வருடா வருடம் இரண்டு மூன்று பேராவது என் வகுப்பில் வந்து பாடம் எடுத்துப் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான்தான் வழிகாட்டி ஆசிரியர். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

நான் பி.எட். படித்த காலத்தில் அது ஒரு வருடப் படிப்பு. மதுரைக் கல்லூரிகள் காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்த பிறகு கல்வியியல் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 2015இலிருந்து படிப்பு இரண்டு வருடம் ஆனது. பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர்ந்து, பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நாலு வருடத்தில் முடிக்கிற படிப்பும் இருக்கிறது. இரண்டு வருடமா என்று பெற்றோர் மலைப்பது எனக்குத் தெரியும். செலவு இருக்கிறது, பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கூடுதல் வருடத்தை வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் நாற்பது நாள் பள்ளிக்கூடம் போனால் பெரிது. இப்போது இரண்டாம் வருடத்தில் மட்டும் 16 வாரம் பள்ளியில் இருக்கச் சொல்கிறார்கள். 16 வாரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பேர் மட்டுமில்லை, எந்தப் பிள்ளை எதற்குத் தயங்கும் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

அந்த 16 வாரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு வருவார்கள். கோடு போட்ட ரெக்கார்டு நோட்டு. இடப்பக்கக் கட்டத்தில் ஆசிரியர் செயல்பாடு, வலப்பக்கக் கட்டத்தில் மாணவர் செயல்பாடு. அழகான கையெழுத்து, சிவப்பு மையில் தலைப்பு, ஸ்கெட்ச் பேனாவில் படம். நான் முதலில் பார்ப்பது வலப்பக்கக் கட்டத்தை. "மாணவர்கள் கவனித்தனர்." "மாணவர்கள் ஆர்வத்துடன் விடையளித்தனர்." "மாணவர்கள் புரிந்துகொண்டனர்." பாடம் நாளைக்கு. எழுதியது முந்தைய ராத்திரி. இன்னும் முகம் பார்க்காத பிள்ளைகள் கவனித்ததாகவும் புரிந்துகொண்டதாகவும் நோட்டில் ஏறிவிட்டது.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய சீனியர்கள் அப்படி எழுதினார்கள், நானும் என் காலத்தில் அப்படித்தான் எழுதினேன், கையெழுத்து வாங்கினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, தசம எண்கள். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பாடம் எடுக்கிறாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கரும்பலகையில் எண்கோடு போட்டு, 3க்கும் 4க்கும் நடுவே பத்துப் பாகம் பிரித்து, நன்றாகவே நடத்தினாள். பிறகு ஒரு பையனை எழுப்பி, "3.5க்கு அடுத்து என்ன வரும்?" என்று கேட்டாள். அவன் யோசிக்கவே இல்லை. "நாலு மிஸ்." "நல்லாப் பாத்துச் சொல்லு." "நாலுதான் மிஸ்." அவள் "தப்பு, உக்காரு" என்று சொல்லிவிட்டு வேறொரு பிள்ளையை எழுப்பினாள். அது 3.6 என்றது. வெரிகுட், அடுத்த கணக்கு. நோட்டில் எழுதியிருந்தபடியே பாடம் முடிந்தது.

நான் கவனித்தது வேறு. அந்தப் பையன் நாலு என்றபோது பின்பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

மணி அடித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். "ஏம்மா, அவன்கிட்ட ஏன் நாலுன்னு கேளு." கேட்டாள். அவன் கொஞ்சம் பயந்தான். பிறகு சொன்னான்: "3.5ன்னா மூணு ஓவர் அஞ்சு பால் மிஸ். இன்னொரு பால் போட்டா ஓவர் முடிஞ்சிரும்ல? அப்புறம் ஏது மூணு புள்ளி ஆறு?"

அவள் முகம் மாறிவிட்டது. டி.வி.யில் கிரிக்கெட் ஓவர் கணக்கைப் பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளை ஒரு முறையைத் தானாகவே கற்று வைத்திருக்கிறான். அந்த முறைக்குள் அவன் சொன்ன விடை முழுக்கச் சரி. நாம் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஓவரில் ஆறு பந்து, அதாவது ஆறு பாகம், தசமத்தில் பத்துப் பாகம். இரண்டிலும் புள்ளி ஒரே மாதிரி இருப்பதால் வந்த குழப்பம்.

மறுநாள் அவள் பலகையில் இரண்டு கோடு போட்டாள். மேல் கோடு ஓவர், கீழ்க் கோடு தசமம். மேலே ஆறு பாகம், கீழே பத்துப் பாகம். அந்தப் பையனையே வரச்சொல்லி மேல் கோட்டில் 3.5ஐக் குறிக்கவைத்தாள். வகுப்பே எட்டிப் பார்த்தது. அப்போது முன்பெஞ்சில் ஒரு சின்னப்பிள்ளை எழுந்து, "மிஸ், அப்ப மூணரை ஓவருன்னா 3.3தானே போடணும்?" என்று கேட்டாள். ஆமாம், மூன்று ஓவர் மூன்று பந்து. இந்தக் கேள்வியை எந்தப் பாடக்குறிப்பின் வலப்பக்கத்தில் முந்தைய ராத்திரியே எழுத முடியும், சொல்லுங்கள்.

அன்றிலிருந்து என்னிடம் வருகிற எல்லாரிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வரச்சொன்னேன். ரெக்கார்டு கல்லூரிக்கு, அது வேண்டியபடி இருக்கட்டும். இந்த நோட்டில், பாடம் முடிந்து மணி அடித்த பிறகு, ஒரே ஒரு பிள்ளை சொன்ன ஒரே ஒரு விடையை அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். பக்கத்தில், அது ஏன் அப்படிச் சொல்லியிருக்கும் என்று இரண்டு வரி. ஐந்து நிமிட வேலை.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று நடக்கும், கூடப் படிக்கிறவர்களை உட்காரவைத்துச் சின்னப் பாடம் எடுத்துப் பழகுவது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் தொடங்கிய முறை. நம் நாட்டுக் கணக்குப்படி ஒரு சுற்று 36 நிமிடம். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் குறை நிறை கேட்பது, 12 நிமிடம் திருத்தி எழுதுவது, மறுபடி ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து. பாருங்கள், ஒரு தடவை பாடம் எடுக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு, திருத்தி எழுதுவதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பல இடங்களில் முதல் ஆறு நிமிடத்தோடு கைதட்டிக் கலைந்துவிடுகிறார்கள், மீதியெல்லாம் ரெக்கார்டில் மட்டும் நடக்கிறது. மாணவர்களே, அந்த மறுபாடத்தை விட்டுவிடாதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்கள் இரண்டு தோழிகளை உட்காரவைத்து நடத்துங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றிச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து வந்த, டெட் என்று சொல்கிற இந்தத் தேர்வு, தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதன்முதலாக நடந்தது. ஒன்று முதல் ஐந்து வரை நடத்த முதல் தாள், அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை நடத்த இரண்டாம் தாள், பி.எட். முடித்தவர்கள் எழுத வேண்டியது இதுதான். பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கப் பள்ளிக்குப் போக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. 150 கேள்வி. பொதுப்பிரிவுக்கு 90 வாங்கினால் தேர்ச்சி. சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் 2018இல் வந்த அரசாணைப்படி, அரசுப் பள்ளி வேலைக்கு இதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள், பிறகு ஏமாந்தோம் என்று இருக்கக் கூடாது. அந்த 150இல் 30 கேள்வி குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும். கோச்சிங்கில் அதை வரி வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். நாற்பது பக்க நோட்டை நிரப்பியவருக்கு அந்தக் கேள்விகளில் பாதி, தான் வகுப்பில் பார்த்த பிள்ளையின் முகமாகத் தெரியும்.

தலைமையாசிரியர்களாக இருக்கும் என் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்றுகிற வேலைக்கும், டீச்சர் வராத வகுப்பைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளவும் அனுப்பாதீர்கள். ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியாததில்லை, நானும் அதில்தான் உழன்றேன். முதல் வாரம் முழுக்க அவர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவிடுங்கள். பிறகு ஒரே வகுப்பைக் கொடுத்து, கடைசி நாள் வரை அதை மாற்றாமல் இருங்கள். வழிகாட்டி ஆசிரியரும் வாரத்துக்கு இரண்டு பாடமாவது கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால், அந்தப் பிள்ளை நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளிடமும் "தப்பு, உக்காரு" என்றுதான் சொல்லும்.

அந்த வாடிப்பட்டிப் பெண் இப்போது மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள். "டீச்சர், இந்த வருசம் யாரும் நாலு சொல்லல. ஒரு பிள்ள மட்டும் 3.9க்கு அடுத்து 3.10ன்னு சொன்னா."

"ஏன்னு கேட்டியாம்மா?"

"கேட்டேன் டீச்சர். ஒம்போதுக்கு அப்புறம் பத்துதான மிஸ்னு சொல்றா. எழுதி வச்சிருக்கேன். இது நாலாவது நோட்டு."

வணக்கம்.