வெயில் நாட்டில் டயருக்கு எவ்வளவு காற்று?

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். கோலாலம்பூரில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு வாகனப் பழுதுபார்ப்பைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், டயரில் அடைக்கும் காற்றைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தப் பொருளைப் பற்றிப் பேச எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்திற்கு முதல் நாள், என் தம்பி குடும்பத்தோடு செந்தூலிலிருந்து பினாங்குத் தண்ணீர்மலைக்குப் புறப்பட்டான். காரில் பெரியவர்கள் நால்வர், சிறுபிள்ளை ஒன்று. பின்பெட்டியில் பால்குடம், துணிமணி, சமையல் சாமான்கள். தாப்பாவைத் தாண்டிய சிறிது நேரத்தில் பின்பக்க இடது டயர் வெடித்தது. நல்ல வேளையாக அவன் பதறிப்போய் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகத் தணிந்த பிறகே அவசரத் தடத்துக்கு ஒதுங்கியிருக்கிறான். யாருக்கும் காயமில்லை.

அவன் திரும்பி வந்ததும் அந்த டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றிப் பார்த்தேன். உள்ளேயிருந்து இரண்டு கைப்பிடி அளவுக்குக் காப்பித்தூள் போன்ற கரும்பொடி கொட்டியது. விலாப்பகுதியின், அதாவது டயரின் பக்கச்சுவரின், உட்புறத்தில் சுற்றிலும் ஒரு மடிப்புக் கோடு விழுந்து, அந்தக் கோட்டில் ரப்பர் உரிந்து, உள்ளிருந்த நூலிழைகள் வெளியே தெரிந்தன. ஆணி குத்திய தடயம் எங்கும் இல்லை. மற்ற மூன்று டயர்களையும் காலையில், கார் ஓடாத நிலையில் அளந்தபோது 180 கிலோபாஸ்கல் காட்டின. கிலோபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு; அந்தக் காருக்கு 180 மிகவும் குறைவு. கேட்டால், புறப்படுவதற்கு முன் ஒரு பட்டறையில், "வெயில் காலம், தூரப் பயணம், சூட்டில் காற்று பெருகும்" என்று சொல்லி எல்லா டயர்களிலும் காற்றை இறக்கி அனுப்பினார்களாம். கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. நாட்டில் பலரும் நம்புவதைத்தான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்து நிற்கிறது. சூடேறினால் காற்றழுத்தம் கூடும் என்பது சரி. 230 கிலோபாஸ்கல் அடைத்த டயரின் உள்வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அழுத்தம் ஏறத்தாழ 11 கிலோபாஸ்கல் உயரும். அதிகாலையில் 230 இருந்த டயர், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியபின் 255-ஐத் தாண்டியிருப்பதை நானே பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் டயரைத் தயாரிப்பவர்களும் காரைத் தயாரிப்பவர்களும் இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் அளவைக் குறித்திருக்கிறார்கள். அந்த உயர்வைத் தாங்குவதற்கென்றே டயர் செய்யப்பட்டிருக்கிறது. அதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

நாம் அஞ்ச வேண்டியது வேறொரு சூடு. கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சிறிய காரின் டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும் நேரத்தில் நசுங்கி, விட்டதும் நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுவதைச் சிறுவயதில் எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். டயரிலும் அதே வேலைதான் நடக்கிறது. காற்று குறைவாக இருந்தால் விலாப்பகுதி கூடுதலாக மடங்குகிறது. கூடுதலாக மடங்கினால் கூடுதலாகச் சுடுகிறது. சூட்டில் ரப்பரும் நூலிழையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்குகின்றன. ஆகவே சூட்டைத் தவிர்ப்பதாக நினைத்துக் காற்றை இறக்குகிறவர், அந்தச் சூட்டைத் தம் கையாலேயே உண்டாக்குகிறார். என் தம்பியின் டயருக்குள் கிடந்த கரும்பொடி, மடிந்து மடிந்து அரைபட்ட ரப்பர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. விமான டயர்களிலும் கனரக லாரி டயர்களிலும் இன்றளவும் இயற்கை ரப்பரையே பெரும்பங்கு சேர்க்கிறார்கள். மடங்கி நிமிரும்போது செயற்கை ரப்பரைவிட அது குறைவாகவே சுடும் என்பது அதற்கு முக்கியமான காரணம். நம் தாத்தா பாட்டிமார் தோட்டப்புறத்தில் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய மரத்தின் பாலுக்கு உள்ள குணம் அது.

சரியான அளவு எது என்பதற்கு வருவோம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். சில கார்களில் அது எண்ணெய்த் தொட்டி மூடியின் உட்புறத்தில் இருக்கும். உங்கள் காருக்கு உரிய அளவு அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முன்சக்கரத்துக்கு ஓர் எண், பின்சக்கரத்துக்கு ஓர் எண், பல கார்களில் ஆள் நிறைந்து சுமையும் ஏறும்போது வைக்க வேண்டிய கூடுதல் எண் என்று தனித்தனியே இருக்கும். என் தம்பியின் காரில் வழக்கமான அளவு 230. முழுச் சுமைக்குப் பின்சக்கரத்தில் 250. அவன் 180 வைத்துக்கொண்டு ஐந்து பேரை ஏற்றியிருக்கிறான். நம் எண்ணெய் நிலையங்களின் இயந்திரங்கள் பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும், பட்டறைகளில் பி.எஸ்.ஐ. என்பார்கள், 230 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 33 பி.எஸ்.ஐ. டயரின் விலாவில் 300 அல்லது 350 கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருப்பது அந்த டயருக்குரிய உச்ச வரம்பு. அதை உங்கள் காருக்குச் சொன்ன அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒட்டுத்தாளில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. குளிர்ந்த டயர் என்றால், கார் மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக இரண்டு கிலோமீட்டருக்குள் மட்டும் ஓடியிருக்க வேண்டும். நான் சனிக்கிழமை விடியற்காலையில், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையத்துக்குப் போவேன். முதலில் இயந்திரத்தில் கூட்டல், கழித்தல் குறிகளை அழுத்தி 230 வைப்பேன். பிறகு வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். தரையில் வைத்தால் உருண்டு வடிகாலில் விழுந்துவிடும். குழாய் முனையை வால்வில் நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் சீறல் சத்தம் கேட்கும். அடைக்கப் போன காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். இயந்திரம் முதலில் இருக்கும் அளவைக் காட்டும். அந்த எண்ணை நான்கு டயர்களுக்கும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். எந்தக் குறையும் இல்லாத டயர்கூட மாதம் ஏழு கிலோபாஸ்கல் அளவு இழப்பது இயல்பு. ஒரே டயர் மட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவற்றைவிடக் குறைந்திருந்தால், அதில் மெல்லிய கசிவு இருக்கிறது. கண்ணால் பார்த்து அறிய முடியாது. இன்றைய டயர்கள் சரியான அளவிலேயே அடிப்பகுதி சற்றுப் புடைத்துத்தான் நிற்கும், 180-க்கும் 230-க்கும் வேறுபாடு தெரியாது.

வழியில் ஓய்விடத்தில் அளக்க நேர்ந்து, சுடும் டயர் 255 காட்டினால், ஒருபோதும் இறக்காதீர்கள். இறக்கினால் மறுநாள் காலையில் அது 205-க்கு வந்து நிற்கும். சுடும் நிலையிலேயே 230-க்குக் கீழ் காட்டினால் அது உண்மையான குறைபாடு. அப்போது ஒட்டுத்தாளின் எண்ணோடு 30 சேர்த்து அடைத்துவிட்டு, குளிர்ந்தபின் மறுபடியும் சரிபாருங்கள்.

மழையை நினைக்கும்போது எனக்கு இந்த விஷயத்தில் இன்னும் கவலை கூடுகிறது. மாலை நான்கு மணிக்குக் கோலாலம்பூரில் கொட்டும் மழையில், சாலையில் தேங்கிய நீர் டயருக்கும் தாருக்கும் இடையே புகுந்து டயரைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் நம் பேச்சைக் கேளா. 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள், ஓடுபாதை நீரில் விமானங்கள் வழுக்குவதை ஆராய்ந்து, இது நிகழும் வேகம் டயரின் அழுத்தத்தோடு தொடர்புடையது என்று ஒரு சூத்திரம் தந்தார்கள். அதை நம் அளவுகளுக்குப் பொருத்திப் பார்த்தால், 230 கிலோபாஸ்கலில் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டரும், 180-இல் ஏறத்தாழ 85 கிலோமீட்டரும் வருகின்றன. டயரின் பள்ளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நீர் எவ்வளவு ஆழம் என்பவற்றைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். என்றாலும் 110 வரை அனுமதி உள்ள சாலையில் அந்த 11 கிலோமீட்டர் எத்தனை முக்கியம் என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள்.

எரிபொருள் மிச்சத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: அது பலரும் விளம்பரப்படுத்தும் அளவுக்குப் பெரியதல்ல. எல்லா டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மாதம் 125 லிட்டர் போடுகிறவர் எட்டு பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டினால், மாதம் இரண்டு லிட்டர் வீணாகும். அதைவிடப் பெரிய செலவு டயரில் இருக்கிறது; காற்று குறைந்த டயரின் இரண்டு ஓரங்களும் நடுப்பகுதியை முந்திக்கொண்டு தேய்ந்து, ஓராண்டு கூடுதலாக ஓட வேண்டிய டயரை முன்னதாகவே மாற்ற வேண்டி வரும். இந்த இரண்டு லிட்டரை மிச்சம் பிடிப்பதாக எண்ணி 280, 300 என்று அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிமானம் குறையும், குழியில் விழுந்தால் டயர் எளிதில் அடிபடும்.

புதிய கார்களில் காற்று குறைந்தால் விளக்கு எரியும் வசதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதை அடுத்து அங்கே பிறந்த சட்டத்தின் விளைவு அது. அந்தச் சட்ட விதி, அளவு 25 விழுக்காடு குறைந்தபின் விளக்கு எரிந்தால் போதும் என்கிறது. அதாவது 230 உள்ள டயர் 173 வரை இறங்கும்வரை விளக்கு பேசாமல் இருக்கலாம். என் தம்பியின் 180-க்கு அது எரிந்திருக்காது.

நைட்ரஜன் அடைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது, காசு கொடுத்து அடைத்தாலும் மாதந்தோறும் அளக்கத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், ஒருவர் போவதற்கும் இருவர் போவதற்கும் பின்சக்கர அளவு வேறுபடலாம் என்பதை வண்டியின் ஒட்டுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள்தாம்.

பின்பெட்டியின் அடியில் கிடக்கும் மாற்று டயரையும் அளந்துவிடுங்கள். மெல்லிய தற்காலிக டயராக இருந்தால் அதற்குரிய அளவு பெரும்பாலும் 420 கிலோபாஸ்கல். அன்று தாப்பாவில் என் தம்பி வெளியே எடுத்த மாற்று டயரில் 150-கூட இல்லை. இழுவை லாரி வரும்வரை குடும்பம் இரண்டு மணி நேரம் சாலைத் தடுப்புக்கு அப்பால் வெயிலில் நின்றது.

நன்றி, வணக்கம்.