நீக்கல் வார்ப்புருவுக்கு முன் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை நீக்கப்படும்போது அதை எழுதிய புதியவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். எத்தனை கட்டுரைகள் சேர்ந்தன என்ற கணக்கை மேடைதோறும் கேட்கிறோம். நீக்கப்பட்டவற்றையும், அவற்றோடு சேர்ந்து விலகிப் போன மனிதர்களையும் பற்றி அரிதாகவே பேசுகிறோம். அதனால் இந்த அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்ற மூவரில் ஒருவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்ட்ரிக்லண்ட். மேரி கியூரி, மரியா கோப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பிறகு இயற்பியலில் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். செய்தியைக் கேட்டவுடன் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர் பெயரைத் தேடியவர்களுக்குக் கட்டுரை எதுவும் கிடைக்கவில்லை. லேசர் துடிப்புகளின் ஆற்றலைப் பெருக்கும் முறையை 1985இல் அவரோடு சேர்ந்து வெளியிட்டவரும், பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவருமான ழெரார் மூரூவுக்கோ பல ஆண்டுகளாகவே ஒரு பக்கம் இருந்தது.

ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி யாரும் எழுத முயலவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2014இல் தொடங்கப்பட்ட ஒரு பக்கம் காப்புரிமை மீறல் என்ற காரணத்தால் நீக்கப்பட்டது. பிறகு ஒருவர் எழுதி ஒப்புதலுக்கு அனுப்பிய வரைவு, தரப்பட்ட சான்றுகள் அவருடைய குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரைக்கு உரிய தகுதியை, நிறுவவில்லை என்று கூறி 2018 மே மாதத்தில், அதாவது பரிசு அறிவிப்புக்குச் சில மாதங்களுக்கு முன்பு, திருப்பப்பட்டது. இத்தனைக்கும் அவர் 2013இல் ஒளியியல் கழகம் என்ற புகழ்பெற்ற அறிவியல் அமைப்பின் தலைவராக இருந்தவர். பெரியதோர் அறிவியல் கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த ஆய்வாளருக்குக் கட்டுரை இருக்கலாம் என்றே விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் சொல்கிறது. விதி அவருக்கு இடம் கொடுத்தது. அந்த விதியை எடுத்துக் காட்டி, இன்ன சான்றை இன்ன இடத்தில் சேர்த்தால் போதும் என்று வரைவை எழுதியவருக்குச் சொல்ல ஒருவர் வாய்க்கவில்லை.

உலகத்தின் பாரபட்சத்தை விக்கிப்பீடியா கண்ணாடிபோலக் காட்டுகிறதே தவிர, அது தானாக உண்டாக்கியது அன்று என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அன்றைய செயல் இயக்குநர் அப்போது எழுதினார். அதில் உண்மை உண்டு. இதழ்களும் நாளிதழ்களும் ஒருவரைப் பற்றி எழுதாதபோது கலைக்களஞ்சியம் எதை ஆதாரமாகக் கொள்ளும்? ஆனாலும் அதை முழு விடையாக என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணாடி யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில்லை. விக்கிப்பீடியாவின் வாசலில் மனிதர்கள் நிற்கிறார்கள், அவர்கள் பேசும் விதத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

நீக்கலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2005 மே மாதத்தில் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிப் பெயர் தெரியாத ஒருவர் ஒரு பக்கத்தைத் தொடங்கி, கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்ற பொருள்படப் பொய்யை எழுதிவைத்தார். அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பயனர் கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப்பக்கம் தொடங்குவது நிறுத்தப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியாவும் இத்தகைய நெருக்கடியைக் கண்டிருக்கிறது. கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு அமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக நீண்ட நீண்ட கட்டுரைகளை ஏற்றியபோது, அவற்றின் பிழைகளைத் திருத்தித் தீராமல் தவித்த தமிழ் விக்கிப்பீடியர்கள், போலந்தில் 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அதை ஆதாரங்களோடு எடுத்துரைத்தார்கள். கைகள் சிலவாகவும் துப்புரவு வேலை மலைபோலவும் இருக்கும் இடத்தில் நீக்கும் பொத்தான் இன்றியமையாத கருவி.

அந்தக் கருவி இயங்கும் முறையைச் சற்று விளக்குகிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் மூன்று வழிகள் முதன்மையானவை. விளம்பரம், காப்புரிமை மீறல், பொருளின் முக்கியத்துவம் எதையும் சுட்டாத பக்கம் போன்றவை விரைவு நீக்கலுக்கு உரியவை. ஒருவர் வார்ப்புருவை, அதாவது பக்கத்தை நீக்கக் கோரும் ஆயத்த அறிவிப்பை, இடுவார்; நீக்கும் உரிமை பெற்ற பயனரான நிருவாகி பார்த்து உடனே நீக்கலாம். மறுப்பு எழாது என்று தோன்றும் பக்கங்களை ஏழு நாள் அறிவிப்புக்குப் பின் நீக்குவது இரண்டாவது வழி. பொதுவில் விவாதித்து முடிவெடுப்பது மூன்றாவது. அதுவும் பொதுவாக ஏழு நாள் நடக்கும். பழகியவருக்கு இவை தெளிவாக விளங்கும். ஆனால் தன் ஊர் ஏரியைப் பற்றியோ, தன் ஊர்க் கூத்துக் கலைஞரைப் பற்றியோ இரவெல்லாம் உட்கார்ந்து முதல் கட்டுரையை எழுதிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாதி எழுதிச் சேமித்துவிட்டு மீதிக்குக் குறிப்பு எடுத்து வருவதற்குள் பக்கத்தின் தலையில் நீக்கல் வார்ப்புரு நிற்கிறது. மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் இடமான பேச்சுப் பக்கத்தில் வந்து விழும் முதல் செய்தியும் கருவி வழியாக இடப்பட்ட, விதிகளின் சுருக்கெழுத்துகள் நிறைந்த எச்சரிக்கைதான். கட்டுரையைப் பற்றிய முடிவு என்று மற்றவர்கள் நினைப்பதை, உனக்கு இங்கே இடமில்லை என்று அவர் படிக்கிறார்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. நீக்கப்பட்ட பக்கத்தின் தொகுப்பு வரலாறு, அதாவது அதில் எழுதப்பட்டவை அனைத்தின் பதிவு, நிருவாகிகளின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். எழுத்து அழிந்துபோவதில்லை, தளத்தின் தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கிறது; ஆனால் எழுதியவரால் தன் எழுத்தையே திரும்பப் பார்க்க முடியாது. படி எடுத்து வைத்துக்கொள்ளாதவருக்கு அந்த உழைப்பு போனதுதான். வகுப்பில் ஆசிரியர் கட்டுரையைத் திருத்தித் தருவார், மதிப்பெண்ணைக் குறைப்பார். நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் மாணவன் எதைப் பார்த்துத் திருத்துவான்?

இது என் மனத்தில் தோன்றும் கவலை மட்டும் அன்று. 2009இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் அனுபவமிக்க பயனர்கள் சிலர், புதியவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அறியப் புதுப்பெயர்களில் கணக்கு தொடங்கி, புதியவர் எழுதுவதுபோலக் கட்டுரைகளை இட்டார்கள். தகுதியுள்ள பொருளைப் பற்றிய பக்கங்களிலும் விரைவு நீக்கல் வார்ப்புரு விழுந்ததைக் கண்டார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்போரின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு அதன்பின் சரியத் தொடங்கியது. அதன் காரணத்தை ஆராய்ந்து ஆரன் ஹாஃப்பேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை, நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்களின் முதல் பங்களிப்புகள் முன்பைவிட அதிகமாக மறுக்கப்படுவதும், அந்த மறுப்பு தானியங்கிகளாலும் அரைத்தானியங்கிக் கருவிகளாலும் நிகழ்வதும் அவர்கள் விலகிப்போவதோடு நெருங்கிய தொடர்புடையவை என்று காட்டியது. விசமத்தைத் தடுக்கக் கட்டிய வேலி, விருந்தாளியையும் சேர்த்துத் தடுத்துவிட்டது.

அனுபவம் இருப்பவருக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாட்டை இன்னொரு நிகழ்வில் காணலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியலாளர் ஜெஸ் வேட், பெண் அறிவியலாளர்களைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விக்கிப்பீடியா கட்டுரைகளை எழுதியவர். 117ஆம் தனிமமான தென்னசைன் கண்டறியப்படுவதற்குத் தேவைப்பட்ட பெர்க்கிலியம் என்ற தனிமத்தைத் தூய்மைப்படுத்திய குழுவில் இருந்த கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க வேதியியலாளரைப் பற்றி அவர் எழுதிய பக்கம் 2019இல் விவாதத்துக்குப் பின் நீக்கப்பட்டு, நெடிய வாதங்களுக்குப் பிறகு 2020இல் மீண்டும் இடம்பெற்றது. வேட் எழுதுவதை நிறுத்தவில்லை. அவருக்கு விதிகள் தெரியும், தோழமை இருந்தது, பத்திரிகைகளும் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தன. முதல் கட்டுரையிலேயே இதைச் சந்திப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

மாற்றங்கள் வராமல் இல்லை. கணக்கு தொடங்கி நான்கு நாளும், பக்கங்களில் செய்த பத்துத் திருத்தங்களும் கடந்த பயனர்கள் மட்டுமே நேரடியாகப் புதுப்பக்கம் தொடங்கலாம் என்ற ஏற்பாட்டை ஆங்கில விக்கிப்பீடியர்கள் 2011இலேயே கேட்டார்கள். அறக்கட்டளை அப்போது மறுத்தது. 2017 செப்டம்பர் முதல் ஆறு மாதம் சோதித்த பின் 2018இல் அது நிலையானது. மற்றவர்கள் வரைவுகளுக்கென்று உள்ள தனி இடமான வரைவுவெளியில் எழுதி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். கட்டுரை கண்முன்னே நீக்கப்படும் அதிர்ச்சியை இது குறைத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆறு மாதம் யாரும் தொடாத வரைவும் நீக்கலுக்கு உரியது. திருப்பி அனுப்பப்பட்டபோதே மனம் தளர்ந்தவர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வருவாரா? என் நம்பிக்கை வேறொரு சிறிய முயற்சியின் மேல் இருக்கிறது. புதியவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்பதற்காக 2012இல் 'தேநீர்க்கூடம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பக்கம் தொடங்கப்பட்டது. அதற்கு அழைக்கப்பட்ட புதியவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து பங்களித்தார்கள் என்று பின்னர் ஆய்வு காட்டியது. புதியவரை அன்போடு அழைத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

தமிழில் நமக்குச் சான்றுச் சிக்கல் இன்னும் கடுமையானது. சிற்றிதழில் வந்த நேர்காணல், ஊர்த் திருவிழா மலர், நாட்டுப்புறக் கலைஞருக்குக் கிடைத்த பாராட்டிதழ் ஆகியவை இணையத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஈழத்துப் பொருள்களை எழுதுவோருக்கு 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் இழப்பும் சேர்ந்துகொள்கிறது. இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதைக் குறிப்பிடத்தக்கமை இல்லை என்பதாகக் கொள்வது தமிழுக்குப் பொருந்தாது. நீக்கல் வார்ப்புருவை இடுபவர் அதற்கு முன் ஈழத்து நூல்களை மின்வடிவில் தரும் 'நூலகம்' என்ற இணையதளத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விளம்பரமோ அவதூறோ அல்லாத பக்கமானால், நீக்குவதற்குப் பதிலாக எழுதியவரின் மணல்தொட்டிக்கு, அதாவது அவர் எழுதிப் பழகும் சொந்தப் பக்கத்துக்கு, நகர்த்திவிட்டு, இந்த இரண்டு வரிகளுக்குச் சான்று வேண்டும் என்று அவர் பேச்சுப் பக்கத்தில் சொந்தச் சொற்களில் எழுதலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கட்டுரை நீக்கப்பட்டதால் விலகிப்போன ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு ஒன்று சொல்கிறேன். நீக்கல் பதிவில் உங்கள் பக்கத்தை நீக்கிய நிருவாகியின் பெயர் இருக்கும். அவருடைய பேச்சுப் பக்கத்திலோ, தமிழ் விக்கிப்பீடியர்கள் எல்லோரும் கூடிப் பேசும் 'ஆலமரத்தடி' என்ற பக்கத்திலோ, என் எழுத்தை என் மணல்தொட்டியில் மீட்டுத் தாருங்கள் என்று எழுதுங்கள். காப்புரிமை மீறலோ அவதூறோ இல்லாத எழுத்தைப் பெரும்பாலும் தருவார்கள். கிடைத்ததும் முதலில் உங்கள் கணினியில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, சான்று உள்ள வரிகளிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். வணக்கம்.