கல்லாவை மூடுனா கேம் பொழைக்காது: செலவு அணிக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்னாடியே தலைய ஆட்டி மறுக்க ஆரம்பிச்சிட்ட எதிரணி நண்பர்களே, மூட்டை கனத்துல ஹீரோ நடக்கவே முடியாம திணறுனாலும் துருப்பிடிச்ச ஒரு கத்தியைக் கீழ போட மனசு வராத சபையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு என்னன்னா, ஃபேண்டஸி ஆர்பிஜி, அதாவது ஒரு ஹீரோவா கதைக்குள்ள புகுந்து வெளையாடுற கேம்ல காசுக்கு மதிப்பு இருக்கணும்னா வரவைக் குறைக்கணுமா, இல்ல செலவுக்கு வழி வைக்கணுமா. நாங்க செலவு பக்கம். எனக்கு முன்னாடி பேசுன எதிரணித் தம்பி, ஓநாயைக் கொன்னா ஏன்யா தங்கக்காசு விழுது, ஓநாய் என்ன வட்டிக்கு விட்டு சம்பாதிச்சுச்சான்னு கேட்டு நல்லா கைத்தட்டல் வாங்கிட்டாரு. ட்ராப்பை, அதாவது எதிரி செத்தா விழுற காசு சாமானைக் குறை, கடைக்காரன் கல்லாவைக் குறை, ஆத்துல போட்டாலும் அளந்து போடு, இதுதான் அவர் வாதம் மொத்தமும். ஓநாய் விஷயத்துல நான் அவர் கட்சிதான், அது கொஞ்சம் அபத்தமாத்தான் இருக்கு. ஆனா அளந்து போட்டே ஜெயிச்ச கேம் எதுன்னு அவர் ஒண்ணு கூட சொல்லலையே, கவனிச்சீங்களா நடுவர் அவர்களே?

நோய் எங்க இருக்குன்னு முதல்ல பாப்போம். எந்த ஆர்பிஜிய எடுத்தாலும் ஆரம்பத்துல காசு இனிக்கும். கையில 180 கோல்டு, வாள் 200, மருந்து 30, எதை வாங்குறதுன்னு கடையில நின்னு மண்டைய குழப்பிப்போம், அந்தக் குழப்பம்தான் சுகம். பாதிக் கதை தாண்டுனா மூணு லட்சம் கோல்டு இருக்கும், கடைக்காரன் கிட்ட இருக்குற எல்லா சாமானையும் விட நம்ம முதுகுல தொங்குறதே ஒசத்தி, அப்புறம் கடைக்குப் போறதே குப்பைய விக்கத்தான். எதிரணி இதைப் பாத்துட்டு “ஐயோ மூணு லட்சம்”னு அலறுறாங்க. நான் சொல்றேன், மூணு லட்சம் நோயே இல்ல, வாங்க ஒண்ணும் இல்லாததுதான் நோய். அதே ஆளுக்கு மூணு லட்சத்துக்குப் பதிலா முப்பதாயிரம் குடுத்துப் பாருங்க, அப்பவும் வாங்க ஒண்ணும் இருக்காது, கூடவே எரிச்சலும் வரும்.

சரி, வரவை அடைச்சுப் பாத்தவங்க கதை என்னாச்சு?

ஸ்கைரிம், 2011. ஊர்ல பலசரக்கு விக்கிறவன் கையில சுமார் 750 கோல்டுதான் இருக்கும், தீர்ந்துட்டா கேம் கணக்குல 48 மணி நேரம் கழிச்சுதான் கல்லா நிரம்பும். தம்பி கேட்ட அதே அளவுகோல். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? கடை நடுவுலயே நின்னு வெயிட் பட்டனை அமுக்கி 24 மணி நேரம், மறுபடி ஒரு 24 மணி நேரம், கல்லா ஃபுல், மிச்ச சாமானையும் தள்ளிவிட்டுட்டு கெளம்பிட்டாங்க. டிராகனைக் கொல்ல வேண்டிய வீரன் ரெண்டு நாள் கடைக்காரன் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறான், இதுவா எதிரணி சொல்ற சமநிலை? வரவு ஒரு காசு கூட குறையல, வெளையாடுறவன் பொறுமைதான் குறைஞ்சுது. அதுக்கு முன்னாடி 2002ல மாரோவிண்ட்ல கால்டேரான்னு ஒரு ஊர்ல க்ரீப்பர்னு ஒரு குட்டிப் பிசாசு, 5,000 கோல்டு வச்சிருக்கும், முழு விலைக்கு வாங்கும். அம்பதாயிரம் பெறுற ஆயுதத்தை அதுகிட்ட குடுத்துட்டு, காசுக்கு மேல வர்ற மீதிக்கு அதுகிட்டயே சாமானா வாங்கிக்கிட்டு, கல்லா நிரம்புனதும் அந்த சாமானைத் திருப்பி அதுக்கே விப்பாங்க. கல்லா சின்னதா இருந்தா கொள்ளை நிக்காது நடுவர் அவர்களே, தவணை முறைக்கு மாறிடும்.

ஆப்லிவியன் (2006) இன்னும் கொடுமை. ஹீரோ லெவல் ஏற ஏற எதிரியும் ஏறணும்னு வச்சாங்க, கடைசியில வழிப்பறிக்காரனே விலை மதிப்பில்லாத கண்ணாடிக் கவசம் போட்டுக்கிட்டு வந்து நம்மகிட்ட சில்லறை கேட்டு மிரட்டுறான்! அந்தக் கவசத்தை வித்தாலே அவன் வாழ்நாள் பூரா உக்காந்து சாப்பிடலாம். வரவுங்கிறது இப்படி எந்தப் பக்கம் இருந்து வரும்னு டெவலப்பருக்கே தெரியாது. பத்து பேர் இருபது பேர் உக்காந்து வரவுக்குப் பூட்டு செய்றாங்க, வெளிய லட்சக்கணக்கான பேர் ராத்திரி பகலா சாவி தேடுறாங்க, யார் ஜெயிப்பா?

விட்சர் 3 (2015) மாடு கதை சபையில பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் ஊர்ல மேயுற பசுமாட்டை அடிச்சு தோலை உரிச்சு, தியானத்துல உக்காந்து எந்திரிச்சா மாடு திரும்ப நிக்கும், திரும்ப அடி, திரும்ப உரி, சந்தைக்குப் போய் வித்துட்டு வா. உலகப் புகழ் பெற்ற அரக்க வேட்டைக்காரன் தோல் வியாபாரி ஆயிட்டான். டெவலப்பர் பேட்ச், அதாவது கேமைத் திருத்துற அப்டேட் விட்டாங்க, அளவுக்கு மீறி மாட்டைக் கொன்னா கொம்பு வச்ச ஒரு ராட்சச மிருகம் வந்து ஆளைத் துவைச்சு எடுத்துரும். அதே வருஷம் வந்த விரிவாக்கத்துல ஒரு வரி வசூல்காரனையும் எறக்கி, ஐயா நீங்க அந்த மாட்டுத்தோல் விவகாரத்துல உண்டான்னு விசாரிக்கவே வச்சாங்க. எனக்கு அந்தக் குசும்பு ரொம்பப் பிடிக்கும். ஆனா மருந்தா அது? ஏற்கனவே பையில ஏறுன காசு அங்கயேதான இருக்கு.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பேசணும், எதிரணி ரெண்டையும் போட்டுக் கொழப்பிட்டாங்க. தனியா வெளையாடுற கேம்ல விலைவாசி ஏறாது, கடைக்காரன் நாளைக்கும் அதே விலைதான் சொல்லுவான், அங்க பிரச்சினை காசு அர்த்தம் இல்லாம போறது மட்டும்தான். ஆன்லைன்ல கதையே வேற. ஒவ்வொரு பேய் செத்து விழும்போதும் அந்த உலகத்துக்குப் புதுக்காசு அச்சடிச்ச மாதிரி. நான் ஒரு வாளை 5,000 கோல்டுக்கு உங்களுக்கு வித்தா அது உங்க பையில இருந்து என் பைக்கு மாறுது, உலகத்துல ஒரு காசு கூட குறையல. காசு நிஜமாவே ஒழியணும்னா கேமே நடத்துற கடை, கட்டணம், வரி, இப்படி ஏதாவது ஒண்ணு அதை முழுங்கணும். முழுங்க வாய் இல்லைன்னா நாலு மாசத்துல விலை நாலு மடங்கு, நேத்து புதுசா சேந்த பையன் ஒரு செருப்பு கூட வாங்க முடியாது.

இல்ல, வெளிய இருந்து புதுசா ஊத்தாமலே ஓட்டலாமேன்னு எதிரணி சொல்லலாம். ஓட்டிப் பாத்தாங்களே! 1997ல வந்த அல்டிமா ஆன்லைன்ல உலகத்துல உள்ள மூலப்பொருள் மொத்தத்துக்கும் ஒரு கணக்கு வச்சாங்க, ஆளுங்க கையில இருக்குறது அழிஞ்சு திரும்புனாதான் அந்த அளவுக்குக் காட்டுல புதுசு முளைக்கும். எதிரணி கனவு காணுற சிக்கனம் இதுதான். ஜனங்க செஞ்சது எல்லாத்தையும் பெட்டில போட்டுப் பூட்டிட்டாங்க, எதுவும் திரும்பி வரல, சுழற்சி நின்னுபோச்சு, கடைசியில அந்த முறையையே கைவிட்டு ஒரு பக்கம் ஊத்தி மறுபக்கம் வடிக்கிற வழிக்கு வந்தாங்க.

என் கட்சிக்கு நான் கூப்பிடுற பெரிய சாட்சி டயாப்ளோ 2. வருஷம் 2000. அங்க கோல்டுக்கு உச்சவரம்பே உண்டு, லெவலுக்குப் பத்தாயிரம்தான் கையில வச்சிக்கலாம், பெட்டகத்துல 25 லட்சம், அதுக்கு மேல வைக்க எடமே இல்ல. எதிரணிக்கு இதை விட என்ன வேணும்? ஆனா என்ன நடந்துச்சு, கோல்டுல வாங்க உருப்படியா ஒண்ணும் இல்லாததால அதை ஜனங்க மதிக்கவே இல்ல, ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்னு ஒரு மோதிரத்தையே காசா வச்சுப் பண்டமாற்று நடத்துனாங்க. அந்த மோதிரத்தையும் சில பேர் டூப் அடிச்சு, அதாவது கள்ளத்தனமா காப்பி எடுத்துக் குவிச்சாங்க. ட்ராப்பைக் குறைச்சு என்ன பிரயோஜனம், காப்பி எடுக்குறவனுக்கு ட்ராப்பே தேவையில்லையே!

2003ல வந்த 1.10 பேட்ச்ல ஒரு காரியம் பண்ணாங்க பாருங்க, அதை எப்ப நெனச்சாலும் எழுந்து நின்னு கும்பிடத் தோணும். அந்த மோதிரங்களை வரிசையா கடைக்காரன் கிட்ட வித்துக்கிட்டே இருந்தா, ஒரு கட்டத்துல பூமி அதிர்ற மாதிரி டயாப்ளோங்கிற பெரிய அரக்கன் பூமியில நடமாடுறான்னு அறிவிப்பு வரும், அவனைக் கொன்னா அன்னிஹிலஸ்னு ஒரு அற்புதமான தாயத்து கிடைக்கும். அவ்ளோதான். யாரையும் மிரட்டல, யார் பையிலயும் கைய விடல. கள்ள மோதிரம் வச்சிருந்தவனே கூட்டம் சேத்துக்கிட்டு அதைத் தேடித் தேடி கடையில கொட்டுனான். கொட்டுன மோதிரம் உலகத்தை விட்டே போச்சு. பூட்டுப் போடாம, சாவி தேடுறவன் கையாலயே வீட்டைச் சுத்தம் பண்ண வச்சாங்க.

பாத் ஆஃப் எக்ஸைல் (2013) இன்னொரு படி மேல. வெளிவந்தப்ப அதுல கோல்டே கிடையாது, உருண்டைகள்தான் காசு. கேயாஸ் ஆர்ப்னு ஒண்ணு, அதை வச்சுப் பொருளும் வாங்கலாம், இல்ல கையில இருக்குற ஒரு அரிய கவசத்தோட குணங்களை மொத்தமா மாத்தி அதிர்ஷ்டம் பாக்கலாம், பாத்தா உருண்டை காலி. காசே செலவுப் பொருள்! சேத்து வைக்கவா, இப்பவே கவசத்துல போட்டுப் பாக்கவான்னு ஒவ்வொரு உருண்டையும் கையில அரிக்கும், பணவீக்கத்தை ஆசையே தின்னுரும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல 2008ல முதுகுல கடைக்காரனையும் ஏத்திக்கிட்டு வர்ற யானை மாதிரி ஒரு மாமூத் 20,000 கோல்டு, பத்து வருஷம் கழிச்சு ஏலக்காரனையே சுமந்துட்டு வர்ற டைனோசர் 50 லட்சம் கோல்டு. வாங்குனவன் சண்டையில ஒரு சுண்டைக்காய் அளவு கூட பலம் கூடல, ஊருக்கு நடுவுல நிறுத்தி எல்லார் பார்வையையும் மறைச்சுக்கிட்டு நிக்கலாம், அதுக்குத்தான் அம்பது லட்சம். பணக்காரன் பெருமைக்கு அழறான், புதுசா வந்த பையனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. இதை விட நியாயமான வரி எனக்குத் தெரியாது.

ஒரு இடத்துல மட்டும் எதிரணி எங்களைப் பிடிச்சாங்க, மறைக்க மாட்டேன். கவசம் கெட்டா கட்டுற ரிப்பேர் கட்டணமும் செலவுதானே, செத்தா பாதிக் காசு போற 1986 டிராகன் க்வெஸ்ட்டும் செலவுதானே, அதெல்லாம் பிடிக்குதான்னு கேட்டாங்க. பிடிக்கல. ரிப்பேர் பில்லு தோத்தவன் தலையிலதான் விழும், ஜெயிச்சுக்கிட்டே இருக்குறவனுக்கு அது தூசு, ஏழையை ஏழையாவே வச்சிருக்குற வடிகால் அது. அபராதம் வேற, ஆசை வேற, எங்க அணி பேசுறது ஆசையை. அதே மாதிரி டயாப்ளோ 3ல 2012ல ஏலக்கடை தெறந்தப்ப அரக்கனை அடிக்கிறதை விட்டுட்டு எல்லாரும் கடையிலயே குடியிருந்தாங்க, 2014 மார்ச்ல அதை மூட வேண்டியதாச்சு. இதை எங்களுக்கு எதிரா எடுத்து விட்டாரு தம்பி. ஏலக்கடையில காசு கை மாறுது, அவ்ளோதான் தம்பி, கமிஷன் போக காசு அடுத்தவன் பையிலதான இருக்கு. அதுவும் போக, வெளையாட்டை வெளையாடாமலே தாண்ட விடுற செலவு செலவே இல்ல, புதுசா வெளையாட ஒண்ணைத் தெறந்து விடணும்.

டார்க் சோல்ஸ் கேமைக் கஞ்சத்தனத்துக்கு உதாரணமா சொன்னாங்க, எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அதுல எதை அடிச்சாலும் சோல்ஸ் கொட்டும், அதான் அங்க காசு, வரவுக்குக் கொறைச்சலே இல்ல. ஆனா லெவல் ஏத்தவும் அதே சோல்ஸ், வாளைத் தீட்டவும் அதே, கடையில அம்பு வாங்கவும் அதே, செத்த எடத்துல கெடக்குறதை எடுக்குறதுக்குள்ள மறுபடி செத்தா எல்லாம் போச்சு. நாலு பக்கமும் வாய் இருக்கு, அதனாலதான் கடைசி வரைக்கும் ஒவ்வொரு சோலும் கனக்குது.

கடைசியா அவங்க பிரம்மாஸ்திரம், செல்டா ப்ரெத் ஆஃப் த வைல்ட் (2017). அரக்கனை அடிச்சா அந்த கேமோட காசான ரூப்பீ விழாது, ரத்தினமும் கொம்பும் பொறுக்கி வித்தாதான் காசு, அதனாலதான் காசுக்கு மதிப்புன்னு ஒரே போடா போட்டாரு. பாதி உண்மை தம்பி, முதல் பாதி. அந்தக் காசை என்ன பண்றோம்? தேவதை ஊற்றைத் தெறக்க முதல்ல 100, அடுத்தது 500, அடுத்தது 1,000, நாலாவதுக்கு 10,000 ரூப்பீ. வீடு வேணும்னா 3,000 ரூப்பீயும் கூட முப்பது கட்டு விறகும். குளிர் மலைக்கு ஒரு உடுப்பு, எரிமலைக்கு வேற உடுப்பு. நம்ம சம்பாத்தியம் ஏற ஏற ஆசையோட விலையும் படி படியா ஏறிக்கிட்டே போகுது. அந்தப் பத்தாயிரம் ஊற்றை எடுத்துட்டு, ரூப்பீய இன்னும் பாதியாக் குறைச்சு வெளையாடச் சொல்லுங்க, ரெண்டாவது நாளே எவனும் ரத்தினம் பொறுக்க மாட்டான்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, ஒரே நிமிஷம். அடுத்து பேச வர்ற எதிரணி அக்காவுக்கு ஒரு கேள்வி மட்டும் வச்சிட்டு உக்காந்துடுறேன். அந்த மாட்டுத்தோல் வியாபாரி கிட்ட, வரி வசூல்காரன் போக, டெவலப்பர் ரெண்டு பேரை அனுப்பினாங்க. ஒருத்தன் நான் சொன்ன கொம்பு வச்ச மிருகம். இன்னொருத்தன் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்ங்கிற அதே விரிவாக்கத்துல வந்த மந்திர எழுத்து செதுக்குற கைவினைஞன், வேலைய ஆரம்பிக்க 5,000 கிரவுன் கேட்டான், அடுத்த கட்டத்துக்கு 10,000, அதுக்கும் அடுத்ததுக்கு 15,000, ஆக 30,000. ரெண்டு பேர்ல யார் கிட்ட போனப்ப பை காலியாச்சு, யார் கிட்ட ஜனங்க தானாவே ஓடிப் போனாங்க? பதில் சொல்லிட்டு அக்கா மேல பேசட்டும். நன்றி, வணக்கம்.