அடகு வைக்கப்பட்ட வாக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவின் பழைமைவாதக் கிறிஸ்தவர்கள் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து நிற்பது சரியா என்பது இன்றைய கேள்வி. சரியல்ல என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் தம் வாதத்தின் உச்சியில் ஒரு தேதியை வைத்துவிட்டு அமர்ந்தார்: 2022 ஜூன் 24. கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நாள். "கட்சியோடு சேராமல் இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா?" என்று கேட்டார். கிடைத்திருக்காது. ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். கருவில் வளரும் உயிர் ஆண்டவர் தந்தது என்று நம்புகிறவன் நான். அந்த நாளைச் சிறுமைப்படுத்த என் நாக்கு எழாது.

ஆனால் நண்பர் அந்த நாளோடு கதையை நிறுத்திவிட்டார். ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி, கான்சாஸ் மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையை மாநில சாசனத்திலிருந்து நீக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். 2020இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஜெயித்த மாநிலம் அது. நூற்றுக்கு 59 பேர் நீக்கக் கூடாது என்றார்கள். 2023 நவம்பரில் ஒஹாயோவும் அந்த உரிமையின் பக்கமே சாய்ந்தது. அதுவும் டிரம்ப் ஜெயித்த மாநிலம்தான். நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் ஏன் தோற்றார்கள்? அரை நூற்றாண்டாகத் தேர்தலுக்குத் தேர்தல் கருவைக் காக்கச் சொல்லும் விண்ணப்பம் கட்சிக்கொடியோடு வந்தது. கடைசியில் ஜனங்களின் காதில் அது விசுவாசியின் மன்றாட்டாக விழவில்லை, கட்சியின் கோஷமாகவே விழுந்தது. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கட்சியாவது உறுதியாக நின்றதா? 2024 ஜூலையில் மில்வாக்கி நகரில் நடந்த கட்சி மாநாட்டுக்காக எழுதிய கொள்கை அறிக்கையில், கருக்கலைப்புக்கு நாடு முழுவதற்குமான கட்டுப்பாடு வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக இருந்துவந்த கோரிக்கையை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில், வேதமே முதல் அதிகாரம் என்று கொள்ளும் வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதே கட்சிக்கு வாக்களித்தார்கள். இவர்கள் எங்கும் போக மாட்டார்கள் என்று கட்சிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் துணிந்து எடுத்தது.

இதே மக்கள் ஒரு காலத்தில் எப்படி இருந்தார்கள் தெரியுமா? 1976இல் அவர்களில் ஏராளமானோர் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டரை ஆதரித்தார்கள். அவர் பாப்டிஸ்ட் விசுவாசி, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். பிறகு அவர்மேல் மனக்குறை வந்தது. 1980 ஆகஸ்டில் டல்லாஸ் நகரில் ஆயிரக்கணக்கான போதகர்களும் விசுவாசிகளும் கூடியபோது குடியரசுக் கட்சி வேட்பாளர் ரொனால்டு ரீகன் அவர்களைத் தேடி வந்தார். நீங்கள் என்னை ஆதரித்து அறிவிக்க முடியாது, ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் அப்படி இறங்கி வந்து பேசக் காரணம் என்ன? அந்த வாக்கு அன்றைக்கு யாரிடமும் அடகில் இல்லை!

அடகு வைத்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 1990களில் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறுகளில் சபைகளில் ஒரு தாள் விநியோகித்தார்கள். தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் தொடங்கிய கிறிஸ்டியன் கோயலிஷன் என்ற அமைப்பு அச்சிட்ட வாக்காளர் கையேடு. இரண்டு வேட்பாளர்களின் பெயர்கள், பிரச்சினைகளின் பட்டியல், எதிரே 'ஆதரிக்கிறார்', 'எதிர்க்கிறார்'. பள்ளிகளில் ஜெபம், கருக்கலைப்பு இவற்றோடு அதே பட்டியலில் வருமான வரி உயர்வும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையும்! வருமான வரி எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று எந்த வசனம் சொல்கிறது, நடுவர் அவர்களே? கட்சியின் நிலைப்பாடு முழுவதும் வேதத்தின் நிலைப்பாடுபோல ஆராதனைக்கு வந்தவர் கையில் சேர்ந்துவிட்டது. அதே வேதத்தை அதே பக்தியோடு வாசிக்கும் கறுப்பினக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். அவர்களைக் கர்த்தருடைய பிள்ளைகள் அல்ல என்று சொல்லிவிடுவீர்களா?

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. 1998இல் ஜனாதிபதி கிளின்டனின் தகாத உறவு விவகாரம் வெடித்தபோது தெற்கு பாப்டிஸ்ட் சபை தீர்மானமே போட்டது: தலைவர்களின் ஒழுக்கம் முக்கியம், அவர்களுடைய பெரும் பாவங்களைச் சகித்துக்கொண்டால் சமுதாயத்தின் மனசாட்சியே மரத்துப்போகும். அருமையான தீர்மானம். சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப்பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று 2011இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டபோது, முடியும் என்ற வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் 30 சதவீதம். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்தே ஆண்டுகள்! வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார்; டிரம்ப் வந்தார். பாவம் செய்த தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன தீர்க்கதரிசி நாத்தானுக்கு அரண்மனையில் காப்பாற்ற வேண்டிய கட்சி எதுவும் இல்லை.

"அப்படியானால் வாக்கை வீணாக்கச் சொல்கிறீர்களா?" என்று நண்பர் கேட்பார். இல்லை. 2003ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயால் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, அவர்களுக்கு மருந்தும் சிகிச்சையும் கிடைக்க அமெரிக்கா உதவ வேண்டும் என்று இவாஞ்சலிக்கல் தலைவர்கள் பலர் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷிடம் வற்புறுத்தினார்கள். இரு கட்சி உறுப்பினர்களும் கை கொடுக்க, நாடாளுமன்றத்தில் அந்த உதவித் திட்டம் நிறைவேறியது. அதனால் இரண்டு கோடிக்கும் அதிகமான உயிர்கள் பிழைத்ததாக அமெரிக்க அரசே சொல்கிறது. கிறிஸ்தவ மனசாட்சி ஒரு கட்சிக்குள் அடங்காமல் அரசியலில் இறங்கினால் கிடைக்கும் பலன் இது.

2025 ஜனவரியில் டிரம்பின் புதிய அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது இதே திட்டத்தின் மருத்துவப் பணிகள் பல இடங்களில் முடங்கின. கிறிஸ்தவ நிவாரண அமைப்புகள் குரல் கொடுத்தன, முறையிட்டன. ஆனால் பேரம் பேச அவர்கள் பக்கத்து மக்களின் கையில் ஒன்றும் மிச்சமில்லை. வாக்குகளை இரண்டு மாதங்களுக்கு முன்பே எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிட்டிருந்தார்கள். அடுத்த முறை வேட்பாளர் சபை வாசலுக்கு வரும்போது, கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றியும் கேட்கட்டும். மருந்து நின்றுபோன ஆப்பிரிக்கத் தாயைப் பற்றியும் கேட்கட்டும். எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் சரி, பதிலைக் கேட்டுவிட்டு வாக்களிக்கட்டும்.

நன்றி, வணக்கம்.