சிறிய முடுக்கிகளை மூடாதீர்கள்

விழாத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன் செறிவாகப் பேசிய பேராசிரியர் பெருமக்களே, வாசல்வரை நெருக்கியடித்து நிற்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இலேசான அணுக்கருக்கள் கூடுதல் ஆற்றலோடு இருக்கும் கிளர்வு நிலைகள், அவற்றைக் காட்டிக்கொடுக்கும் அணுக்கரு வினைகள், கருவுக்குள் ஆல்ஃபா துகள்கள், அதாவது ஹீலியம் கருக்கள், கொத்துக் கொத்தாக அமையும் ஆல்ஃபா கொத்து அமைப்பு என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். துகள்களை வேகமூட்டி மோதவிடும் சிறிய முடுக்கிகளும் அப்படித்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1953. பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் அமெரிக்காவின் கெல்லாக் ஆய்வகத்துக்கு வந்து, கார்பன்-12 அணுக்கருவில் 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) அருகே ஒரு கிளர்வு நிலை இருந்தே தீர வேண்டும் என்றார். ஏன்? விண்மீனுக்குள் இரண்டு ஹீலியம் கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8 பிறக்கும். பிறந்த கணமே உடையும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த நிலை கைகொடுக்காவிட்டால் இவ்வளவு கார்பன் ஏது? நாம் ஏது? அந்த ஆய்வகத்தின் இயற்பியலாளர் வில்லியம் ஃபௌலருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. முன்பு ஓர் ஆய்வில் தென்பட்டதாகச் சொல்லப்பட்டு, பின்னொரு ஆய்வில் காணாமல் போன நிலை அது!

அதே ஆய்வகத்தின் வார்டு வேலிங் குழுவினர் அளந்தே பார்த்தார்கள். நைட்ரஜன்-14 மீது டியூட்ரான்களை, அதாவது கன ஹைட்ரஜனின் கருக்களை, மோதவிட்டு, வெளியேறிய ஆல்ஃபா துகள்களைக் காந்தப்புலத்தில் வளைத்து ஆற்றலைக் கணித்தார்கள். ஆல்ஃபா எவ்வளவு குறைவாகக் கொண்டுவருகிறதோ, அவ்வளவையும் கார்பன் தன்னிடம் வைத்துக்கொண்டது என்று பொருள். 7.68 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சின்ன முகடு எழுந்தது, 4.43-இல் உள்ள இன்னொரு கிளர்வு நிலையின் முகட்டோடு ஒப்பிட்டால் வெறும் 6 சதவீதம்! மோதிய டியூட்ரானின் ஆற்றலோ 0.62 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான், அதற்குச் சிறிய முடுக்கியே போதும். சிறு துரும்பு, ஐயா, சிறு துரும்பு!

ஹாயில் நிலை என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிளர்வு நிலை பத்தாயிரம் முறை உருவானால், நான்கைந்து முறைதான் நிலையான கார்பனாக எஞ்சுகிறது. 2020-இல் ஓர் அளவீடு இந்த விகிதம் கூடுதல் என்றது. பின்னர் வந்தவை பழைய எண்ணையே ஆதரித்தன. இப்படித் திரும்பத் திரும்ப அளக்கப் பெரிய முடுக்கிகளில் நேரம் எளிதில் கிடைக்காது. கொத்து அமைப்பைப் பற்றிப் பேச நேரமில்லை. மாணவர்கள் மன்னிக்க வேண்டும். துணைவேந்தர் அவர்களே, பழையவை என்பதற்காகப் பல்கலைக்கழகங்களின் சிறிய முடுக்கிகளை மூட வேண்டாம். அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுமுன் இளையவர்களை அவர்களருகே அமர்த்துங்கள். ஆண்டுதோறும் சில வாரங்களையாவது மாணவர்களின் அளவீட்டுக்கென்றே ஒதுக்குங்கள்.